எவ்வளவு படிச்சாலும் வேற்றுமொழி ஏறாத ஆக்களைக் கண்டிருக்கிறீங்களா?

வெள்ளவத்தை டொச் ரீச்சர்:

ஜேர்மனி மாப்பிள்ளையைக் கட்டின பிள்ளையளுக்கு ஏ1 டொச், அதாவது ஜேர்மன் மொழியின்ர முதல் படி, படிப்பிக்கிறன். 2007 இலயிருந்து துணைவர் விசாவுக்கு இந்தச் சோதினை கட்டாயம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்து, காலி வீதியை அண்டி அறை எடுத்து நிண்டு படிக்குதுகள். நூற்றுக்கு 60 எடுத்தாக் காணும்.

இப்ப ஒரு பிள்ளை இருக்கிறா. ஏ/எல் கணிதப் பிரிவு, கெட்டிக்காரி. இலக்கண அட்டவணை எல்லாம் தலைகீழாச் சொல்லுவா, வாசிப்புப் பகுதியில புள்ளி அள்ளுவா. ஒலிப்பதிவைப் போட்டாப் போதும், முகம் கறுத்திடும். ரயில் எத்தினை மணிக்கு எண்டு ஒருத்தி கேட்டிருப்பாள். இவவுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். டொச்சில 21 எண்டால் ஒண்டை முதல் சொல்லி இருபதைப் பிறகுதான் சொல்லுவினம். ஆரம்பத்தில எல்லாரும் தடுமாறுறதுதான், போகப்போகப் பழகிடும். இவவுக்குப் பழகேல்லை. பக்கத்துக் கதிரையில இருந்தவ ஓ/எல்லோட நிண்டவ. எழுத்து முழுக்கப் பிழை, ஆனா ஒருக்காக் கேட்டா அப்பிடியே திருப்பிச் சொல்லுவா. அவ முதல் தரமே பாஸ் பண்ணி இப்ப அங்க.

மாமிமார் "அவளுக்கு மொழி வராது" எண்டு முடிவு கட்டிட்டினம். எனக்கு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்லை. உண்மையிலேயே வராத ஆக்கள் இருக்கினமோ? நீங்கள் கண்டதை எழுதுங்கோ.

கெய்சர் வீதி நாநா:

டீச்சர், நம்மட கடையில பருத்தித்துறைக்காரர் ஒருத்தர் கணக்கு எழுதினார். வாப்பா காலத்து ஆள். புறக்கோட்டையிலேயே தலை நரைச்சது, சிங்களம் மட்டும் வாயில வரல்ல. ஸ்கூல் வாசலையே மிதிக்காத, மூட்டை தூக்குற நாட்டாமிமார் ரெண்டு பாஷையிலயும் ஏசுவாங்க, பகிடி பண்ணுவாங்க. இவர் பேப்பரை ஒரு வரி விடாமப் படிக்கிற மனுஷன். சிங்களத்துக்கு மட்டும் மூளை வேலை செய்யாதுன்னு கடையில எல்லாரும் சிரிப்பாங்க.

எனக்கு அப்படித் தோணல்ல. அவர் இருந்தது கொட்டாஞ்சேனை, சாப்பாடு செட்டியார் தெரு, கும்பிடுறது ஜிந்துப்பிட்டி முருகன். சிங்கள ஏவாரி வந்தா நான் எழும்பிப் போய்ப் பேசுவேன். அவருக்கு எதுக்கு சிங்களம்? நான்தானே அவருக்கு சிங்களம்.

பத்தரமுல்ல ஊழியன்:

2007 ஜூலை 1க்குப் பிறகு அரச வேலைக்கு வந்தவங்க அஞ்சு வருஷத்துக்குள்ள மற்ற அரசகரும மொழியில தேர்ச்சி காட்டணும்னு சுற்றறிக்கை வந்தது. எங்க பகுதியில எல்லாரும் காட்டியாச்சு. மாத்தறைச் சிங்களவர் ஒருத்தர் தமிழில அழகாக் கடிதம் எழுதுவார். தமிழ் ஆள் யாராவது போன் எடுத்தா ரிசீவர் நேரா என் கைக்கு வரும்.

பம்பலப்பிட்டி மகன்:

எங்கட அம்மாவுக்கும் சிங்களம் விளங்காது எண்டுதான் சொந்தக்காரர் சொல்லுறது. சிங்கள நாடகத்தில பகிடி வந்தா வீட்டில முதல் சிரிக்கிறது அவதான்! 83 ஜூலைக் கலவரத்துக்கு முதல் பக்கத்து வீட்டாரோட நல்லாக் கதைச்சவவாம். அகதி முகாமால திரும்பி வந்த பிறகு வாய் திறக்கேல்லை. பஸ்ஸில கொண்டக்டரிட்டை காசை நீட்டுவா, இடத்தை நாங்கள் சொல்லவேணும். தயவுசெய்து இதை இயலாமைக் கணக்கில போடாதேங்கோ.

பேச்சுச் சிகிச்சை படிச்சவள்:

நாநாவின்ர ஆளுக்குத் தேவை வரேல்லை, அம்மாவுக்குப் பயம். ரீச்சரின்ர பிள்ளைக்குத் தேவையும் இருக்கு, விருப்பமும் இருக்கு. அதால அவவைத் தனியாத்தான் பார்க்கவேணும்.

1959 இல அமெரிக்காவில கரோல், சபோன் எண்ட ரெண்டு பேர் மொழி பிடிக்கிற திறனை அளக்க ஒரு சோதினை கொண்டுவந்தவை. கரோல் அந்தத் திறனை நாலாப் பிரிக்கிறார்: சத்தத்தைப் பிரிச்சு மனசில பதியிறது, வசனத்தில ஒரு சொல்லுக்கு என்ன வேலை எண்டு உணருறது, மனப்பாடம், உதாரணங்களைப் பார்த்து விதியைத் தானாக் கண்டுபிடிக்கிறது. ஒருத்தருக்கு நாலும் ஒரே அளவா இருக்கவேணும் எண்டில்லை. இந்தப் பிள்ளைக்கு இடிக்கிறது முதலாவதுதான் போல. ஸ்பார்க்ஸ், கான்சோ எண்ட ஆய்வாளர்கள் இன்னொண்டும் சொன்னவை. வேற்றுமொழி வகுப்பில திணறுற கன பேருக்குத் தாய்மொழியிலயே சத்தத்தையும் எழுத்தையும் பொருத்திறதில சின்னத் தடங்கல் இருக்குமாம். கதைக்கேக்க வெளியில தெரியாது. ரீச்சர், அவ தமிழில ர, ற, ல, ள மாத்தி எழுதுவாவோ?

அப்பிடியெண்டால் அதே ஒலிப்பதிவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பிரயோசனமில்லை. ஒவ்வொரு சத்தமா எடுங்கோ. எழுத்தைக் காட்டி, உங்கட வாய் அசையிறதைப் பார்க்கவிட்டு, அவவையும் எழுதிக்கொண்டே சொல்ல வையுங்கோ. மற்றவையை விடக் கூட நாள் எடுக்கும். ஒரு மொழி பேசுற ஆளுக்கு இன்னொண்டு துண்டாவே வராது எண்டதை நான் நம்பேல்லை, ஆனா எல்லாருக்கும் ஒரே மூண்டு மாத வகுப்பில வரும் எண்டதையும் நம்பேல்லை.

வெள்ளவத்தை டொச் ரீச்சர்:

தங்கச்சி, கொப்பியை வாங்கிப் பார்த்தன். ரகரமும் றகரமும் இடம் மாறித்தான் நிக்குது. கணக்குப் படிப்பிச்சவை இதை ஏன் பார்க்கப் போகினம்? இப்ப எண்களை மட்டும் தனியா எடுத்து, எழுதின தாளைப் பார்த்தபடி கேட்கவைக்கிறன். மணி, விலை ரெண்டும் கொஞ்சம் பிடிபடத் தொடங்கியிருக்கு. வருத்தத்தால படிக்க ஏலாதவைக்கும் விசேஷ நிலைமையில இருக்கிறவைக்கும் ஜேர்மன் சட்டத்தில விலக்கு இருக்குத்தான். அதுக்கு ஆதாரம் காட்டவேணும். இவவுக்கு அது தேவைப்படாது எண்டு நினைக்கிறன்.

புருஷனோட ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில கதைக்கிறா, எல்லாம் தமிழில. "அதில அரை மணித்தியாலம் டொச்சில கதையுங்கோ தம்பி" எண்டு நானே அவரைக் கேட்டன். மாட்டாராம். ரெஸ்டோரண்ட் குசினியில நிண்டு காதால பிடிச்ச டொச்சாம், இலக்கணம் ஒண்டும் இல்லையாம். மனுசி பிழை பிடிப்பாவாம்.