புதுப்பிப்பு: இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாதது பற்றி

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.4-லேயே நிற்கிறது, மாத்திரை தவறாமல் போட்டும் ஏறவில்லை, மலச்சிக்கல் வேறு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது 10.8. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்றுதான் கணக்கு, அதனால் மாத்திரை தொடர்கிறது.

பீட்ரூட், பேரீச்சை, மாதுளை எல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். பலன் தந்தது, கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடாதே, காபியைத் தள்ளி வை என்று ஒரு அக்கா எழுதியதுதான். டாக்டரிடம் கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார்: கால்சியமும், காபி டீயில் உள்ள பாலிபீனால்களும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும், வைட்டமின் சி உதவும். இப்போது கால்சியம் காலைச் சாப்பாட்டோடு, இரும்புச்சத்து மாத்திரை ராத்திரி படுக்கப்போகும் முன் எலுமிச்சை ஜூஸோடு. ராத்திரிக்கு மாற்றியதில் குமட்டலும் குறைந்தது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம், மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இந்த மாத்திரைக்கு அது சகஜமாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாகவோ வயிற்றுவலியோடோ போனால் உடனே காட்டச் சொன்னார்.

மலச்சிக்கல் முழுசாகப் போகவில்லை. கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர் என்று சமாளிக்கிறேன். சிலர் சொன்ன விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர், கருப்பை சுருங்க ஆரம்பித்துவிடக்கூடுமாம்.