இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்ல டாக்டர் மாறிக்கிட்டே இருக்காங்க, உங்க அனுபவம் என்ன?

சாப்பர் வீட்டுப் பொண்ணு, அல்சூர்

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவத்தோட பொறியியல் பிரிவு), 71 சண்டையில இடுப்புல ஸ்ப்ளின்டர், அதாவது குண்டுச் சிதறல், பட்டவர், ஒரு துண்டு இன்னும் உள்ளேயேதான் இருக்கு. போன மாசம் பாலிகிளினிக் போனா மறுபடியும் புது டாக்டர். நல்லாத்தான் பாத்தாங்க, குறை சொல்லல, ஆனா வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, அப்பாவுக்குக் காதும் மந்தம், கால் மரத்துப்போகுதுன்னதும் முதுகுக்கு எம்ஆர்ஐ ரெஃபரல் எழுதிட்டாங்க. மருந்து கவுன்டர்ல பேப்பர நீட்டினோம், பார்மசிஸ்ட் அண்ணா ஒரு பார்வை பாத்துட்டு "தாத்தா, உங்க உடம்புல இரும்பு இருக்கே!"ன்னு கத்தினார். அத்தனை பேர் நிக்கும்போதே கவுன்டர விட்டு வந்து பேப்பர வாங்கிட்டு டாக்டர் ரூமுக்கு ஓடினார். முதல்ல எக்ஸ்ரேன்னு மாத்திக் குடுத்தாங்க. அந்த எம்ஆர்ஐ காந்தத்துக்குள்ள அப்பா படுத்திருந்தா துண்டு நகர்ந்திருக்குமோன்னு இன்னும் மனசு அடிச்சுக்குது. அங்க அப்பாவ வருஷக்கணக்கா தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்.

முன்னாள் லேப் ஸ்டாஃப்

நான் வேற ஒரு பாலிகிளினிக்ல லேப்ல இருந்தேன். இசிஎச்எஸ் பாலிகிளினிக்ல ஸ்டாஃப் கான்ட்ராக்ட்தான், டாக்டரும் அப்படித்தான். முடியுற மாசம் வந்தா ரின்யூவல் வருமா வராதான்னு வயித்தைக் கலக்கும். எனக்கு அப்போ மாசம் 28,100 கன்சாலிடேட்டட் (எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்), இதுல பெங்களூர் வாடகை கட்டி, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டி... பிரைவேட்ல கூட குடுத்தாங்க, போயிட்டேன். மறக்க முடியாதது ஒரு பாட்டி. ஹவில்தாரோட மனைவி, அவர் போயி ரொம்ப நாளாச்சு, கையில நரம்பே கிடைக்காது, என்னைத் தவிர யாரையும் ஊசி போட விடமாட்டாங்க. நான் போறேன்னு தெரிஞ்சதும் "நீ எந்த ஆஸ்பத்திரியோ சொல்லு, அங்கேயே வரேன்"னு கார்டை எடுத்து என் கையில வெச்சாங்க. அந்த ஆஸ்பத்திரி எம்பேனல் இல்ல, இசிஎச்எஸ் பட்டியல்லயே இல்ல பாட்டி, கார்டு செல்லாதுன்னு எப்படிச் சொல்றது?

ஜாலஹள்ளி வாரண்ட் ஆபீசர் (ஓய்வு)

@முன்னாள் லேப் ஸ்டாஃப், தப்பா எடுத்துக்காதம்மா, சம்பளம் ஒண்ணுதான் காரணம்னா ஒத்துக்க மாட்டேன். மெடிக்கல் ஆபீசருக்கு 75,000 இருந்தப்பவும் நிக்கலையே. எங்க டாக்டர் சின்னப் பையன், மேஜை மேல நீட் பிஜி (டாக்டருங்க மேல்படிப்பு நுழைவுத் தேர்வு) புக், என் பிபி பாத்துக்கிட்டே "அங்கிள், சீட் கிடைச்சிடுச்சு"ன்னார். கையப் பிடிச்சு வாழ்த்தினேன். படிக்கிற புள்ளைக்கு இது நடுவுல ஒரு வேலை, அனுபவப்பட்டவருக்கு அடுத்த வருஷம் உண்டான்னு தெரியாத வேலை. நிரந்தரம் பண்ணாம யாரும் தங்க மாட்டாங்க.

@சாப்பர் வீட்டுப் பொண்ணு, ஸ்கேன் சென்டர்லயும் உள்ள விடுறதுக்கு முன்னாடி மெட்டல் இருக்கான்னு கேப்பாங்க, அதனால ரொம்ப பயப்படாத. ஆனா காது கேக்காதவர் எல்லாத்துக்கும் தலையாட்டிடுவார், அத நம்பாத. டிஸ்சார்ஜ் புக்ல காயம் பத்தி எழுதின பக்கத்த ஜெராக்ஸ் எடு, எக்ஸ்ரே ஃபிலிமோட ஒரே ஃபைல்ல போடு, மேல அட்டையில செவப்பு மையில "உடம்பில் உலோகத் துண்டு, எம்ஆர்ஐ எடுக்கும் முன் கேட்கவும்"னு இங்கிலீஷ், கன்னடம் ரெண்டுலயும் எழுதி ஒட்டு. மாத்திரை பேரு ஒரு தாள்ல, கம்பெனி பேரு இல்ல, மருந்தோட பேரு, எவ்வளவு மில்லிகிராம்னு. ஸ்டாக் இல்லன்னு குடுக்கிற என்ஏ சீட்டையும் தூக்கிப் போடாத. டாக்டர் கேக்குற வரைக்கும் காத்திருக்காம உக்காந்ததும் ஃபைலத் திறந்து வை. கமாண்ட் ஹாஸ்பிடல்ல (ராணுவப் பெரிய ஆஸ்பத்திரி) கூட போஸ்டிங்ல டாக்டர் மாறிக்கிட்டேதான் இருப்பாங்க, அங்கேயும் இதே ஃபைல் உதவும். ஃபோன்லயும் ஒரு காப்பி வெச்சுக்கோ.

சாப்பர் வீட்டுப் பொண்ணு, அல்சூர்

நன்றி அங்கிள், ஃபைல் போட்டுடறேன். எக்ஸ்ரேல துண்டு தெளிவாத் தெரியுது, அதனால எம்ஆர்ஐ வேணாம்னு சிடி ஸ்கேன் எழுதியிருக்காங்க. ஆனா ஃபைல் எழுந்து ஓடாதே அங்கிள், அந்த அண்ணாதானே ஓடினார். அவரோட கான்ட்ராக்டும் முடியப்போகுதாம். இங்க வர்ற குடும்பங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு அவரையே வெச்சுக்கச் சொல்லி லெட்டர் குடுக்கலாம்னு இருக்கோம். ராணுவ ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ்ல குடுக்கணுமா, இசிஎச்எஸ் ரீஜனல் சென்டருக்கா? யாராவது குடுத்திருந்தா சொல்லுங்க.