ஜெர்மானிய விருந்தினர்கள் விடாமல் கேட்கும் ‘ஆடெம்லோஸ்’ பாடல்

கேள்வி (கீபோர்டு கலைஞர், ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்):
அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸின் மேற்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இரவு விருந்தின்போது வாசிக்கும் குழுவில் இருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வருவோர் ஜெர்மானியப் பாடகி ஹெலேனே ஃபிஷரின் ‘ஆடெம்லோஸ் துர்ஹ் டீ நாஹ்ட்’ பாடலையே மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். சென்ற வாரம் எழுபதைத் தாண்டிய தம்பதியர் இருவர், செருப்பை மேசைக்கடியில் கழற்றி வைத்துவிட்டு, பாடல் முடியும்வரை கைகோத்து ஆடினார்கள். 2013இல் வெளிவந்த பாடலின்மேல் இன்னும் இத்தனை பற்று ஏன்? இதை நம் தீவின் நாட்டுப்புற இசையான சேகாவின் தாளத்தில் வாசித்தால் ஏற்றுக்கொள்வார்களா?

பதில் 1 (சுற்றுலா வழிகாட்டி, கிராண்ட் பே):
அண்ணா, சைபீரியாவில் 1984இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் ஜெர்மனியில் குடியேறியவர் ஹெலேனே ஃபிஷர். பாடலை எழுதி இசையமைத்தவர் கிறிஸ்டினா பாஹ். அவரும் ஷ்லாகர் எனும் ஜெர்மானிய ஜனரஞ்சக மெல்லிசையைப் பாடுபவரே. ஆஸ்திரியாவில் முதலிடம் பிடித்த இப்பாடல் ஜெர்மனியில் 3ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆயினும், 2014இல் கால்பந்து உலகக் கோப்பையை வென்று திரும்பிய ஜெர்மனி அணியை பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலருகே பெருங்கூட்டம் வரவேற்றபோது, வீரர்களுடன் மேடையில் நின்று ஹெலேனே பாடியது இதைத்தான். அந்நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் காதல் பாட்டாக இருக்க முடியாது.

பதில் 2 (இசை ஆசிரியை, ரோஸ் ஹில்):
தம்பி, வெற்றி விழா ஒரு காரணம்தான். பாடலின் அமைப்பே பெரிய காரணம் என்பேன். ‘மூச்சு வாங்க, இரவு நெடுக’ என்று பொருள்படும் அந்த அடி வந்ததும், மொழி அரைகுறையாகத் தெரிந்தவரும் தயக்கமின்றிச் சேர்ந்து பாடலாம். தைப்பூசக் காவடியில் ஒருவர் ‘வேல் வேல்’ என்றதும் வீதியே ‘வெற்றிவேல்’ என்று எழுகிறதே, அவ்வாறு கூட்டத்துக்கென்றே இடம் விட்டு அமைத்த பாட்டு இது. ஷ்லாகர் ஆழமற்றது என்பாரும் உண்டு. முன்பின் அறியாதவர்களை ஒரே குரலில் பாடவைப்பதை நான் எளிய வேலையாகக் கருதவில்லை.

சேகாவைப் பொறுத்தவரை கவனம் வேண்டும். இப்பாடல் நேரான நான்கு அடித் தாளத்தில் நடப்பது. சேகாவோ மும்மூன்றாகப் பிரிந்து ஆடும் நடை. பல்லவியை மாற்றினால் அவர்களது கைத்தட்டல் தடுமாறிவிடும். தொடக்க இசையில் மட்டும் சேகாவின் தோல் மேளமான ரவான் ஒலிக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அம்மா. சனிக்கிழமை ரவானை நெருப்பில் காய்ச்சி எடுத்து, தொடக்கத்தை மட்டும் சேகாவில் வாசித்துப் பார்க்கிறோம். பல்லவியைத் தொட மாட்டோம்.