தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? 2023 மார்கழி வெள்ள அனுபவங்கள்

வண்ணார்பேட்டை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை வீடியோவில் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. உங்கள் தெருவுக்குள் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அதற்கு முன்னால் யார் என்ன சொல்லி எச்சரித்தார்கள்? திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக்காரர்கள் எழுதுங்கள். வீடு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும் என்றில்லை.

முதலில் என் பங்கு. எங்கள் வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். அன்றைக்கு ஞாயிறு, மார்கழி முதல் தேதி. மழை பிடித்ததிலிருந்து விடவே இல்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்ததை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். இங்கே வந்தது புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். பெயர் வைக்காத மழைக்கு யார் பயப்படுகிறார்கள்?

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணைகளின் முழு உயரம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். மத்தியானத்திலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு, இத்தனை ஆயிரம் கன அடி வரத்து என்று போன் நிறையச் செய்தி வந்துகொண்டிருந்தது. கன அடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது என் வீட்டு முதல் படியா, மூன்றாவது படியா என்று சொல்ல ஆளில்லை. அப்பா தன் கணக்குக்குக் குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்துக்கொண்டார். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில் அது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். "அது அடிக்கடி முங்குறதுதாம்ல, நீ சும்மா இரு" என்பது அப்பாவின் கட்சி.

முன்வாசலில் மணல் மூட்டை அடுக்கி ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் புறவாசல் சாக்கடை வழியாக வந்தது. ஆறு ஏறிவிட்டால் ஊர்ச் சாக்கடை போக வழியில்லாமல் திரும்பி ஓடும். குளியலறைத் தரை ஓட்டை கொப்பளித்துக் கொட்டியது. ராத்திரிக்குள் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) இடுப்பளவு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளும் தண்ணீர் என்று மறுநாள் கேள்விப்பட்டோம். அவர்களுக்கே தெரியவில்லை என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?


செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணி

நான் உங்கள் ஊர்க்காரி இல்லை, சென்னை. ஆனாலும் சொல்லத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு 17ஆம் தேதி ராத்திரி ரயில் ஏறினோம். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. சிக்னல் கிடைக்கவில்லை போல என்று பிள்ளைகளைத் தூங்க வைத்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. செய்துங்கநல்லூர் போகும் பாதையில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் நின்றது. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ரோடும் போய்விட்டது. மிச்சம் இருந்த 500 பேரில் நாங்களும்.

விடிந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஸ்டேஷன். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. கைக்குழந்தைக்காரிகள் பாலுக்குத் தவித்தார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு பெரியவர் பெட்டி பெட்டியாகக் கேட்டுக்கொண்டு போனார். யாரோ கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருக்கும் புதுக்குடி ஊர்க்காரர்கள் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டிலும்தான் தண்ணீர். கூச்சப்பட்டு நின்ற என்னிடம் ஒரு ஆச்சி, "அரிசி நனைஞ்சு வீணாப் போறதுக்கு நீ தின்னா எனக்குப் புண்ணியமாவது சேரும், வா மக்கா" என்றார். 19ஆம் தேதி வெளியே கொண்டுவந்தார்கள். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னை. ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்ட படம் எல்லார் போனிலும் இருக்கிறது. கோயில் அடுப்பைப் படம் எடுக்க எங்களில் ஒருவர் போனிலும் சார்ஜ் இல்லை.

எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருட்டில் சத்தம் மட்டும்தான் கேட்டது.


ஏரல் பஜார்

அண்ணாச்சி, எங்களுக்கு எல்லாப் பக்கமும் வந்தது. ஆறும் வந்தது, குளத்துத் தண்ணீரும் வந்தது. இரண்டும் பஜாரில் சந்தித்துக்கொண்டன.

பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பித்தளைப் பானை, அலுமினியச் சட்டி, சீர்வரிசைச் சாமான் எல்லாம் அந்த வாரம்தான் இறக்கியிருந்தோம். ஜவுளிக்கடைக்காரரை நினைத்தால் நான் தேவலை. பாத்திரத்தைக் கழுவி விற்கலாம், சேறு படிந்த சேலையை என்ன செய்வது? நகைக்கடைக்காரர்கள் சகதியைச் சல்லடை வைத்துச் சலித்ததை நானே பார்த்தேன்.

உயர்மட்டப் பாலத்தின் இணைப்புச் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போய்விட்டது. பாலம் நின்றது, ஏறத்தான் வழியில்லாமல் போனது. பழைய தாழ்வான தாம்போதிப் பாலத்தை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, கடைசியில் அது இருந்த பக்கத்தைச் சரி செய்துதான் போக்குவரத்தைத் தொடங்கினார்கள்.

பெரிய நஷ்டம் சரக்கு இல்லை, பற்று நோட்டு. கல்யாண வீட்டுக்காரர்கள் பாதி கொடுத்து மீதிக்கு எழுதி வைத்துப் போனதெல்லாம் அதில்தான் இருந்தது. மை கரைந்து எல்லாப் பக்கமும் நீலமாகக் கிடந்தது. பாதிப் பேர் தானாக வந்து பாக்கியைச் சொன்னார்கள். மீதிப் பேர் கடனும் வெள்ளத்தோடு போனது என்று இருந்துவிட்டார்கள். அதில் ஒருத்தர் இன்றும் என் கடை வாசலில் நின்றுதான் டீ குடிக்கிறார்.

காப்பீட்டுக்காரர்கள் வெள்ளத்துக்கு முந்தின சரக்குக் கணக்கைக் கேட்டார்கள். அந்தக் கணக்கு எங்கே இருந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.


சாந்தி நகர்

இதெல்லாம் அணையை முன்கூட்டியே திறந்துவிடாததால் வந்த வினை. வேறு பேச்சே வேண்டாம்.


ஓய்வு பெற்ற நீர்ப்பாசனக்காரர்

தம்பி, அணையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழை எங்கே பெய்தது என்று பாருங்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மூன்றும் அணைகளுக்கு எவ்வளவு கீழே இருக்கின்றன? அங்கே பெய்ததைப் பாபநாசத்தில் ஷட்டர் போட்டு நிறுத்த முடியுமா? சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேர்கிறது, பச்சையாறு அதற்கு மேலேயே சேர்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆற்றுத் தண்ணீரைக் கால்களுக்கு, அதாவது வாய்க்கால்களுக்கு, திருப்பிவிட ஆற்றில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. கடைசி இரண்டு மருதூர், ஸ்ரீவைகுண்டம். மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால். இந்த நான்கு கால்களும் வரிசையாகக் குளங்களை நிரப்பிக்கொண்டே போகும். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். தலைக்குளம் உடைத்தால் கீழே உள்ளது தாங்காது. ஆற்றுக்கு ஒரு எச்சரிக்கை, குளத்துக்கு ஒரு எச்சரிக்கை என்று இரண்டு வேண்டும். நம்மிடம் இருப்பது முதலாவது மட்டும்தான். இரண்டாவதை ஒரு காலத்தில் மடை பார்க்கிற நீர்க்கட்டிகள் சொன்னார்கள். ராத்திரியில் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பார்கள். இப்போது பல குளத்துக்கு அந்த ஆளே கிடையாது. மறுகால் ஓடையில் அமலைச் செடி அடைத்துக் கிடக்கிறது, சில இடத்தில் வீடே இருக்கிறது.

1992 நவம்பர் 13 வெள்ளத்தையும் பார்த்தவன் நான். அன்றைக்கு மலையில் கொட்டியது, ஆற்றோடு வந்தது. அதை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் 'தொண்ணூத்திரெண்டுலயே இந்தத் தெருவுக்கு வரலை' என்று தெம்பாக இருந்தார்கள். அந்தத் தெம்புதான் பலரை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்தது.


ஆத்தூர் கொடிக்கால்

பெரியவர் சொல்வது சரி. எங்களுக்குக் கால் பக்கமிருந்துதான் முதலில் வந்தது, ஆறு அப்புறம்.

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023இல்தான். அந்த வருஷம் முடிவதற்குள் காட்டுவதற்குக் கொடி இல்லை. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், தேங்கிய தண்ணீர் ஆகாது. வேர் அழுகிவிடும். வடிந்த பிறகு கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், பச்சையாகத்தான் தெரிந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் "தப்பிச்சிருச்சே" என்றுகூடச் சொன்னார்கள். சில நாளில் இலை மஞ்சளாகி முழுக்க உதிர்ந்தது. திரும்பப் போடுவது லேசில்லை. முதலில் அகத்தி விதைக்க வேண்டும். அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் கொடி நட முடியும், அது ஏறி கிள்ளுக்கு வர மேலும் பல மாதம். அதுவரை கிள்ளுகிற பெண்களுக்கும், இலை அடுக்குகிறவர்களுக்கும் வேலை கிடையாது.

என் தங்கை வீட்டு வாழைத் தோட்டத்தில் இன்னொரு கூத்து. வாழை சாய்ந்தது போகட்டும், ஆறு மணலைக் கொண்டுவந்து இடுப்பளவு கொட்டிவிட்டது. மணலை அள்ளினால்தான் பயிர். அள்ளிய மணலை எங்கே கொட்டுவது, யார் அனுமதிப்பது என்று ஒரு அலைச்சல்.

நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர்கள் பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள். நான் குத்தகைக்காரன். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். பயிர் என்னுடையது, பட்டா வேறொருத்தருடையது. குடும்ப அட்டைக்குக் கொடுத்த 6000 ரூபாய் வந்தது, அதை மறைக்கவில்லை. பயிருக்கு வந்தது எனக்கு வரவில்லை. நிலத்துக்காரர் நல்ல மனிதர், அதில் ஒரு பங்கு கொடுத்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.


தூத்துக்குடி டவுன்

எங்களுக்கு ஆறே கிடையாது! குடிக்கிற தண்ணீர்தான் தாமிரபரணி. அப்படியிருந்தும் முங்கினோம்.

கோரம்பள்ளம் குளம் உடைத்ததுதான் காரணம். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் பெய்த மழை ஓடை ஓடையாக இங்கேதான் வரும். வந்தது கடலுக்குப் போக வேண்டும், ஊர் தட்டையாக இருப்பதால் நகர மாட்டேன் என்றது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு இரண்டு மூன்று நாளில் வடிந்தது. எங்கள் காலனியில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. ரோட்டை வருஷத்துக்கு ஒரு அடுக்காக உயர்த்திக்கொண்டே போனதில் வீடெல்லாம் பள்ளத்தில் இருக்கிறது. நின்ற தண்ணீர் கறுத்து, நாற்றமெடுத்து, அதில்தான் பால் வாங்கப் போய்வந்தோம். பால் பாக்கெட்டை அன்றைக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்று எழுதினால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

மோட்டார் வைத்து இறைத்தபோது நடந்த சண்டையை யாரும் எழுதுவதில்லை. எங்கள் தெருத் தண்ணீரை எங்கே இறைப்பது? பக்கத்துத் தெருவுக்கு. அவர்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியோடு ராத்திரியாக ஹோஸைத் திருப்பி எங்கள் பக்கம் போட்டார்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து மோட்டாருக்குக் காவல் நின்றார்கள். மகளைக் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு தெரு, அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

உப்பளத்தில் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்பு கரைந்தது. பாத்திக் கரைகள் உடைந்து சேறு ஏறியதால் அடுத்த சீசனுக்குப் பாத்தி மிதிக்கும் வேலை இரண்டு மடங்கு ஆனது. என் பக்கத்து வீட்டு அக்கா உப்பள வேலைக்காரி. அவருக்கு வீட்டிலும் சேறு, வேலையிலும் சேறு.


வண்ணார்பேட்டை

ஆக, ஆறு, கால், குளம், சாக்கடை, பக்கத்துத் தெரு ஹோஸ். பட்டியல் நான் நினைத்ததைவிட நீளமாகப் போகிறது. 2024 டிசம்பர் 13 அன்று திரும்பவும் ஆறு ஏறியபோது நாங்கள் முதல் வேலையாகக் குளியலறை, கக்கூஸ் ஓட்டைகளைத்தான் அடைத்தோம். அப்பா குறுக்குத்துறையைப் பற்றிப் பேசவே இல்லை. காயல்பட்டினத்துக்காரர் யாரும் இல்லையா? 95 சென்டிமீட்டர் உங்கள் ஊர்தானே?


காயல்பட்டினம்

இருக்கிறேன் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). எங்களுக்கு மேலேயிருந்து வந்தது, வேறு எங்கேயிருந்தும் இல்லை!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு எங்களைத் தொடவே வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை எங்கள் மொட்டை மாடியில் ஒரே நாளில் விழுந்தது. எச்சரிக்கை வந்தது, மிகக் கனமழை என்று. கனமழை என்று சொன்னால் நாங்கள் குடை எடுப்போம். இடுப்பளவு உயரத்துக்கு மழை பெய்யும் என்று சொல்ல அவர்களிடமும் வார்த்தை இருந்திருக்காது.

கடற்கரை ஊர், மணல் பூமி, எவ்வளவு மழையையும் குடித்துவிடும் என்று உம்மா சொல்வார். அன்றைக்கு மணல் குடிக்கவில்லை. கிணறு தரைமட்டத்துக்கு வந்து வழிந்தது. பள்ளிவாசலில் ஆட்களைத் தங்க வைத்தோம். கல்யாணக் களறி விருந்துக்கு வைத்திருந்த பெரிய சட்டிகளை எடுத்துச் சமைத்தோம். தண்ணீர் புகாத திண்ணையில் விறகு காய்ந்து இருந்ததுதான் பெரிய விஷயம். சாப்பாட்டை டயர் டியூபில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது நானும் என் மச்சானும்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, திரும்ப இறைத்து, அப்படியும் தண்ணீர் ரொம்ப நாள் வாடை அடித்தது. குளியலறை ஓட்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சரி. வீட்டுக்குள் கிணறு இருப்பவர்கள் அதன் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது கைப்பிடிச் சுவரை இரண்டடி உயர்த்தி, மேலே இரும்பு மூடி போட்டிருக்கிறோம். செலவு எவ்வளவு, யார் செய்தது என்று வேண்டுமானால் கேளுங்கள், சொல்கிறேன்.