ஆராதனையா ஊழியமா, எது முதல்?

பாளைவாசி:
எங்கள் சபைக் கமிட்டியில் வாக்குவாதம். காணிக்கையில் மிஞ்சிய பணத்தில் புது ஸ்பீக்கர் வாங்கலாம் என்கிறது ஒரு கட்சி, டயாலிசிஸுக்குப் போய்வரும் இரண்டு பேருக்கு ஆட்டோ செலவுக்குக் கொடுக்கலாம் என்கிறது இன்னொன்று. என்னைக் கேட்டால் ஆராதனைதான் முதல். மார்த்தாள் பற்பல வேலையில் அலைந்துகொண்டிருக்க, இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருந்த மரியாளைத்தானே ஆண்டவர் மெச்சினார்? பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்திலும், பந்தி விசாரிக்க ஏழு பேரை வைத்துவிட்டு, நாங்கள் ஜெபத்திலும் வசனத்திலும் இருப்போம் என்றுதான் அப்போஸ்தலர்கள் சொன்னார்கள்.

கரிகிரிக்காரன்:
பிரதர், அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அந்த ஏழு பேர் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விதவைகளுக்குச் சாப்பாடு பகிர! சும்மா இருந்தவர்களைக் கூப்பிட்டு விடவில்லை, முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அதில் ஒருவர். ரோமில் 2-ஆம் நூற்றாண்டு நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஞாயிறு ஆராதனையை எழுதி வைத்திருக்கிறார்: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், நற்கருணை; வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்; வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்க, அது திக்கற்ற பிள்ளைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் கிடப்பவர்கள், வந்தேறிகள் என்று போகும். எல்லாம் ஒரே ஆராதனையின் பகுதி, இடையில் கோடு கிழிக்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வாசகன்77:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கு மத நம்பிக்கை கிடையாது. நோயாளியைப் பார்க்க விசுவாசம் எதற்கு? அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்டில் நிற்கும் நர்ஸ் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஊசி அதே ஊசிதான். அப்புறம், மதம் மாற்றத்தானே இந்தச் சேவை என்ற சந்தேகம் பலருக்கு உண்டு.

கரிகிரிக்காரன்:
அந்த நர்ஸ் செய்வது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான், சோற்றைக் காட்டி ஞானஸ்நானம் கேட்பவனை நானும் எதிர்ப்பேன். ஆனால் விசுவாசம் ஒரு சமுதாயத்தை எங்கே இழுத்துப் போகிறது என்பது வேறு கேள்வி. கிறிஸ்தவத்தைப் பிடிக்காத ரோமப் பேரரசர் ஜூலியனே 4-ஆம் நூற்றாண்டில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கம் என்று நொந்திருக்கிறார்.

பாளைவாசி:
சரி, இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வேர் ஜெபம்தான் அண்ணன். அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரின் கதை உங்களுக்குத் தெரியாததா? திண்டிவனத்தில் ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து என்று மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை, டாக்டரான அப்பாவை அனுப்பவா என்றால் ஆண் வரக்கூடாது என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். தூங்காமல் ஜெபித்துவிட்டுத்தான் மருத்துவம் படிக்கப்போவதாக அவர் முடிவெடுத்தார். அந்த ஜெபத்தை எடுத்துவிட்டால் அங்கே எதுவும் மிஞ்சாது.

கரிகிரிக்காரன்:
ஜெபித்தார், மறுக்கவே இல்லை. ஆனால் ஜெபித்து எழுந்தவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி: அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார், 1902-இல் வேலூரில் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. உங்கள் கமிட்டியில் ஜெபம் முடிந்து எழுகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.