மறுமொழி: கார்பன் பிரஷ்ஷுக்கு என்ன பெயர் வைப்பது?

அன்பர்களே, வெள்ளிக்குள் கையேடு அச்சகத்துக்குப் போகவேண்டும், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார் பாடத்தில் ‘கார்பன் பிரஷ்’ என்ற இந்த ஒரு சொல்தான் இழுக்கிறது; ஸ்பிரிங் அழுத்த, சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு அது. நேற்று என் வண்டி மோட்டாரையே திண்ணையில் பழைய பேப்பர் விரித்துப் பிரித்தேன். சுவிட்சை அமுக்கினால் ரிலே மட்டும் டக் டக் என்கும், ஸ்பானரால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டினால் சுற்றும். திறந்தால் கரித்தூளாகக் கொட்டுகிறது. கார்பன் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் எட்டவில்லை. இதைப் பள்ளிப் பாடம் மாதிரி ‘தூரிகை’ என்று எழுதினால் பையன் பெயின்ட் டப்பாவைத் தேடுவான்.
– செங்கோட்டை

> தூரிகை வடசொல், தூலிகா. வேண்டவே வேண்டாம்.

மேலே இப்படி எழுதிய ஐயா, வடசொல் வடவெழுத்தை விட்டு வந்தால் வரட்டும் என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார், நீங்கள் ஏன் வாளையாறு மாதிரி சோதனைச்சாவடி போடுகிறீர்கள்? கோளாறு வேறு இடத்தில். ஆரம்பத்தில் அங்கே செம்புக்கம்பிக் கற்றைதான் இருந்தது, பார்க்க நிஜமாகவே பிரஷ். 1885-ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கரிக்குக் காப்புரிமை வாங்கினார்; பொருள் மாறிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டடையை நாம் ஏன் சுமக்கவேண்டும்? என் சொல் ‘தேய்கரி’. வினைத்தொகை: தேய்ந்த கரி, தேய்கிற கரி, தேயும் கரி, முக்காலமும் அடக்கம். ஊறுகாய் போல, நடுவே வல்லெழுத்து மிகாது, ‘தேய்க்கரி’ என்று அச்சிட்டுவிடாதீர்கள்.
– கொழிஞ்சாம்பாறை

அண்ணாச்சி, சொல் அழகுதான். ஆனால் கடையில் போய் “புதுசாக ஒரு செட் தேய்கரி கொடுங்கள்” என்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் கரி என்றால் அடுப்புக்கரிதான். ‘கார்பன்’ என்றால் மலைக்கு இந்தப் பக்கமும் கிடைக்கிறது, அந்தப் பக்கமும் கிடைக்கிறது. அப்புறம் செங்கோட்டையாரே, கையேட்டில் கம்யூட்டேட்டருக்கு, அதாவது கார்பன் உரசுகிற செம்புத்துண்டு உருளைக்கு, ‘திசைமாற்றி’ போட்டிருக்கிறீர்களே, பையன் நேரே போய் இண்டிகேட்டர் சுவிட்சைக் கழற்றுவான்! செம்புத் துண்டுகளுக்கு நடுவே, மின்சாரம் பாயாத மைகா இருக்கும் பள்ளத்தில் அடைந்த கரித்தூளைச் சுரண்டி, நைஸ் உப்புத்தாள் பிடிக்கவேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தால் எனக்குப் போதும்.
– தென்காசி

சரி, அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் ‘தேய்கரி என்கிற கார்பன்’, மற்ற இடங்களில் வெறும் கார்பன். திசைமாற்றி அடுத்த பதிப்புக்கு.
– செங்கோட்டை

எனக்குச் சம்மதமில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘தேய்க்கரி’ என்று விழுந்திருக்கிறது, பாருங்கள்.
– கொழிஞ்சாம்பாறை