கடையில் விண்டோஸ் 7 ஒன்று, விண்டோஸ் 10 ஒன்று: இரண்டையும் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

தட்டச்சுக்கடை:
வணக்கம். தென்காசிப் பக்கம் சின்ன டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று கோர் 2 டுவோ, விண்டோஸ் 7. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு எல்லாம் அதில்தான். 12 வருடக் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் ஃபைல்களும் அதற்குள்தான் இருக்கின்றன. இன்னொன்று ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன்லைன் விண்ணப்பம், கரண்ட் பில், பேங்க் வேலை எல்லாம் அதில்.

ஐ5 ரொம்ப மெதுவாகிவிட்டது என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். அதனால் ஒரு வாரமாக விண்டோஸ் 7-இல் ஆன்லைன் வேலை பார்க்கிறேன். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறது. சர்வீஸ்காரர் இரண்டையும் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். பங்குனி, சித்திரை கொடை வேலை முடிந்தால்தான் கையில் பணம் வரும். அதுவரை என்ன செய்யலாம்?

உதிரிபாகம்:
முதலில் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். என்ன காட்டுகிறது?

தட்டச்சுக்கடை:
2009 ஜனவரி 1! இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை. சரிசெய்தாலும் மறுநாள் காலையில் பழையபடி மாறிவிடுகிறது.

உதிரிபாகம்:
மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இணையதளம் உண்மையானதுதான் என்று காட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கும்; அதற்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் நிற்பதால், எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காததாக அதற்குத் தெரிகிறது. கரண்டைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

தட்டச்சுக்கடை:
மாற்றிவிட்டேன், எல்லாம் திறக்கிறது! ரொம்ப நன்றி. அப்படியானால் ஐ5 வரும்வரை இதிலேயே பேங்க் வேலையும் பார்க்கலாம்தானே?

பொருநை:
வேண்டாம் அம்மா. தயவுசெய்து அதில் மட்டும் பார்க்காதீர்கள். தளம் திறந்துவிட்டது என்பதற்காக அந்தக் கம்ப்யூட்டர் பத்திரமானது என்று ஆகிவிடாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109, அது வந்தது 2023-இல். அதற்குப் பிறகு கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாம் அடைபடாமல் அப்படியே கிடக்கின்றன.

2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள், அதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. யாரும் எதையும் கிளிக் செய்யவே வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க்கில் இருந்ததே போதும். உங்களிடம் வருகிறவர்கள் ஆதார் நகல், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் நம்பிக் கொடுக்கிறார்கள். அது நம் சொந்த விஷயம் மட்டும் இல்லை.

அதற்காக அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருளே 2001-இல் வந்தது, அதற்கு இணையம் எதற்கு?

தட்டச்சுக்கடை:
சரி அண்ணாச்சி, கழற்றிவிட்டேன். ஆனால் வாடிக்கையாளர் பென்டிரைவ் கொண்டுவருகிறார்களே?

பொருநை:
நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் வழி அதுதான், நல்ல கேள்வி. வெளியார் பென்டிரைவை விண்டோஸ் 7-இல் ஒருநாளும் செருகாதீர்கள். ஐ5-இல் திறந்து, ஸ்கேன் செய்து, வேண்டிய படத்தையோ பிடிஎஃபையோ மட்டும் கடையின் சொந்தப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். இன்றே அந்த 12 வருட ஃபைல்களையும் எழுத்துருக்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, பீரோவில் வையுங்கள். வைரஸுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்தான் போகும்.

மின்ட்பிரியன்:
ஐ5-இல் விண்டோஸ் 11 போட முடியாதா? ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து, பழைய கம்ப்யூட்டரை மறுக்கும் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள்.

பொருநை:
போடலாம், ஓடும். ஆனால் விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பிழைப்பு நடக்கிற கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தாலும், வீட்டுப் பயனருக்கு இஎஸ்யு என்ற பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. பதிப்பு 22எச்2-ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்தால் காசு கிடையாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும்.

உதிரிபாகம்:
மெதுவாக இருப்பதற்குக் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் வேறு கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். ஆறாம் தலைமுறையில் சில போர்டு டிடிஆர்3 எல் வகை ராம் எடுக்கும், சில போர்டு டிடிஆர்4. பழைய ராமைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மின்ட்பிரியன்:
அந்த 2026 அக்டோபருக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதில் போடும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பாருங்கள். இலவசம், 2029 வரை அப்டேட் உண்டு. இப்போதே பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகை மட்டும் இல்லை, பழைய டைப்ரைட்டர் முறையும் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கும், ஆனால் வரிகள் நகர்ந்துவிடும். பாமினி எழுத்துருவையும் நகலெடுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாகத் தெரியும். முக்கியமாக பிரிண்டர், ஸ்கேனர், விரல்ரேகைக் கருவி மூன்றையும் செருகிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தட்டச்சுக்கடை:
4 நாள் கழித்து எழுதுகிறேன். ஐ5 எஸ்எஸ்டியோடு வந்துவிட்டது, இஎஸ்யு-வும் பதிந்துவிட்டது. மின்டை ஓட்டிப் பார்த்தேன். டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிக்க வருகிறது, ஸ்கேனரும் வேலை செய்கிறது. சின்ன லேசர் பிரிண்டரும் விரல்ரேகைக் கருவியும் மட்டும் அசையவில்லை.

பொருநை:
அப்போது அக்டோபர் வரை விண்டோஸ் 10-ஐத் தொடவே வேண்டாம். லேசர் பிரிண்டரை விண்டோஸ் 7 பெட்டியோடு இணைத்துவிட்டு, மற்ற வேலையைப் பிடிஎஃபாகக் கொண்டுபோய் அச்சடிக்கலாம். விரல்ரேகைக் கருவிக்கு அதை விற்றவரிடம் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், கொடை வருமானத்தில் வாங்க வேண்டியது அந்த வேலைக்கான ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான், இரண்டு இல்லை.